உள்ளே பார்த்தவளுக்கு

ஜூன் 3

டாக்டர் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தோடு ஒரு டிஸ்க் இருக்கிறது. அதில் இருப்பது என் கணவரின் இரண்டு கால்கள். உறைமேல் இருக்கும் பெயரைப் பார்த்ததுமே யாருடைய கால்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆமாம், அவர்தான். நான் அவருடைய மனைவி. 'இப்போதைய மனைவி' என்று எழுத வேண்டுமோ என்று யோசித்தேன். அப்படி எழுதினால் அடுத்து ஒருத்தி வரப்போகிறாள் என்பதுபோல இருக்கும். அதனால் வெறும் மனைவி.

விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய இடது தாடைக்குள் ஒரு கட்டி. பல் வலி, பல் வலி என்று மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார். கன்னம் வீங்கிய பிறகுதான் படம் எடுத்தார்கள். புற்று இல்லை. ஆனால் விட்டால் எலும்பை அரித்துக்கொண்டே போகுமாம். இடது பாதித் தாடையை எடுத்துவிட்டு, காலின் வெளிப்பக்கத்தில் இருக்கும் மெல்லிய எலும்பை வெட்டி அங்கே வைக்க வேண்டும் என்கிறார் சர்ஜன். எலும்பை மட்டும் வைத்தால் பிழைக்காதாம். அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாயும் மேலே கொஞ்சம் தோலும் சேர்த்து ஒரே துண்டாக எடுத்து, கழுத்தில் இருக்கும் குழாயோடு தைக்க வேண்டுமாம். அந்தத் துண்டுக்கு ஃப்ளாப் என்று பெயர் சொன்னார். எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று முன்கூட்டியே படத்தில் பார்க்காமல் கத்தியை எடுக்க மாட்டேன் என்றும் சொன்னார். இங்கே ஸ்கேன் எடுத்த இடத்தில் இரண்டு காலும் நார்மல் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சர்ஜன் அதில் திருப்திப்படவில்லை. "படத்தை வெச்சு இந்த ஆபரேஷனுக்கு ப்ளான் போட்டுக் குடுக்கறதுல அவங்களை மிஞ்ச ஆள் இல்லை" என்று ஒரு துண்டுச்சீட்டில் உங்கள் பெயரை எழுதிக் கொடுத்தார். நீங்கள் எங்களுக்கு யார் என்று, பாவம், அவருக்குத் தெரியாது.

நான் சீட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கணவர் அதை எட்டிப் பார்த்தார். வீங்கிய கன்னத்தோடு சிரித்தார். "அவ பார்த்தா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

எங்கள் வீட்டில் எப்போதாவது உங்கள் பேச்சு வந்தால் 'அவங்க' என்பார். இத்தனை வருஷமும் அப்படித்தான். சர்ஜன் முன்னால் ஒரே நொடியில் 'அவ' ஆகிவிட்டீர்கள். அன்று முழுக்க எனக்கு அதுதான் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. கட்டி, எலும்பு எதுவும் இல்லை.

போனில் பேசியிருக்கலாம். நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். எதிரே லாரி வருவதுபோலவே எல்லோரிடமும் கத்திப் பழகிவிட்டேன். உங்களிடம் கத்த இஷ்டமில்லை. உங்களை எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. அக்கா என்று கூப்பிட நாம் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள் இல்லை. ஒரே ஆளோடு வாழ்ந்தோம், அவ்வளவுதான். டாக்டர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

படத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அவர் மனைவி

ஜூன் 8

வணக்கம்.

டிஸ்க் கிடைத்தது. டாக்டர் என்றே எழுதுங்கள். அக்கா வேண்டாம்.

வேலை எளிதாக இருக்கட்டும் என்று இந்தக் கடிதத்தில் நோயாளி என்றே குறிப்பிடுகிறேன்.

முழங்காலுக்குக் கீழே மூன்று ரத்தக் குழாய்கள் இறங்கும். ஒன்று முன்பக்கம், ஒன்று பின்பக்கம், மூன்றாவது நீங்கள் சொன்ன மெல்லிய எலும்பை ஒட்டி. ஃப்ளாப் எடுக்கும்போது மூன்றாவதைத்தான் எலும்போடு சேர்த்து எடுப்பார்கள். மற்ற இரண்டும் பாதத்தைப் பார்த்துக்கொள்ளும். நோயாளியின் இடது காலில் அந்த இரண்டும் பாதி வழியிலேயே மெலிந்து நின்றுவிடுகின்றன. இது பிறவி அமைப்பு, நோய் இல்லை. மூன்றாவது குழாய்தான் கீழே வரை போய்ப் பாதம் முழுவதற்கும் ரத்தம் கொடுக்கிறது. அதை எடுத்தால் தாடை கிடைக்கும், பாதம் போய்விடும். இடது காலைத் தொடக்கூடாது.

வலது காலில் மூன்று குழாய்களும் இருக்கின்றன. ஆனால் மோட்டார் சைக்கிள் விபத்தில் முறிந்த இடத்தில் எலும்பு கோணலாகக் கூடியிருக்கிறது, குழாயும் அங்கே தழும்புக்குள் சிக்கிச் சுருங்கியிருக்கிறது. அதையும் நம்ப முடியாது.

முதுகில் தோள்பட்டை எலும்பின் வெளி ஓரத்திலிருந்து எடுப்பதுதான் நல்லது. நடக்க எந்தத் தொந்தரவும் இருக்காது. அதற்குத் தோள், கழுத்து இரண்டுக்கும் புதிய படங்கள் வேண்டும். எடுத்த பக்கத்துக் கையைச் சில மாதங்களுக்கு மேலே தூக்கச் சிரமமாக இருக்கும். நோயாளி ஆட்டங்களில் நடுவராக இருப்பவர், வலது கையால் அட்டை காட்டுபவர். எனவே இடது தோளையே எடுக்கலாம் என்று சர்ஜனுக்கு எழுதியிருக்கிறேன்.

கதிரியக்க மருத்துவர்

ஜூன் 11

டாக்டர் அவர்களுக்கு,

எந்த மோட்டார் சைக்கிள்?

கால்பந்து ஆடும்போது ஒருவன் வந்து மோதிக் கால் உடைந்தது என்றுதான் இத்தனை நாளும் எனக்குத் தெரியும். மோதியவன் பெயர்கூடச் சொல்லியிருக்கிறார். மழை வந்தால் அந்தக் காலுக்குத் தைலம் தேய்த்துவிடுகிறவள் நான். தேய்க்கும்போதெல்லாம் அந்த முகம் தெரியாத ஆட்டக்காரனைத் திட்டியிருக்கிறேன். வாரிசு இல்லாமல் போக என்றுகூட ஒருமுறை சொல்லிவிட்டேன். இப்போது பார்த்தால் அப்படி ஒருவன் பிறக்கவே இல்லை.

உங்கள் கடிதத்தை அவரிடம் நீட்டினேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "அது எதுக்கு இப்போ" என்றார். பின்னால் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டேன். மறுபடி கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அதுவே பதில்.

இன்னொன்று. அவர் இப்போது வலது கையால் அட்டை காட்டுவதில்லை. வலது கையில் விசிலைப் பிடித்துக்கொண்டு இடது கையால்தான் காட்டுவார். நான்தான் அப்படிப் பழக்கினேன். அட்டையைத் தேடி அவர் சட்டைப்பையைத் துழாவுவதைப் பார்த்துப் பையன்கள் சிரித்தார்கள், அதனால் பையையே இடம் மாற்றித் தைத்துக் கொடுத்தேன். ஆகவே இடது தோளைத் தொடாதீர்கள். வலதில் எடுங்கள்.

அவரைப் பற்றி எல்லாம் தெரிந்ததுபோல எழுதியிருந்தீர்கள். இது உங்களுக்குத் தெரியவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். மறைப்பானேன்.

அவர் மனைவி

ஜூன் 14

வணக்கம்.

வலது தோள் என்று திருத்திவிட்டேன். சரியான நேரத்தில் சொன்னீர்கள்.

விபத்தைப் பற்றி எழுதியது என் தவறில்லை. உங்களுக்குத் தெரியும் என்றே நினைத்தேன். பின்னால் உட்கார்ந்திருந்தது நான்தான். கல்யாணத்துக்கு முன்பு. மழையில் வண்டி சறுக்கியது, அவர் கால் வண்டிக்கு அடியில் போனது, எனக்கு முழங்கை சிராய்ந்தது. அவ்வளவுதான் கதை.

உங்களிடம் கால்பந்து என்று சொன்னது அந்தக் கதையில் நான் இருக்கக்கூடாது என்பதற்காக. நீங்கள் சந்தோஷப்பட வேண்டிய விஷயம் அது. எனக்குத்தான் கஷ்டமாக இருக்கிறது. வீட்டிலிருந்து விலகினேன், அது இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு. ஆனால் என்னுடைய விபத்திலிருந்தே என்னை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் யாரோ ஒரு ஆட்டக்காரனை வைப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

தோள், கழுத்துப் படங்களைச் சீக்கிரம் அனுப்புங்கள். கட்டி காத்திருக்காது.

கதிரியக்க மருத்துவர்

ஜூன் 20

டாக்டர் அவர்களுக்கு,

போன கடிதத்தில் 'நோயாளி' என்ற வார்த்தையே இல்லை. 'அவர்' என்று எழுதியிருந்தீர்கள். பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

தோள் படம் எடுக்கக் கிளம்பினோம். குளித்து, தலையை வாரி, போன வருஷம் நான் வாங்கிக் கொடுத்து அவர் ஒருமுறைகூடப் போடாத நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். மெஷினுக்குள் போகும் முன் சட்டையைக் கழற்றச் சொல்லத்தான் போகிறார்கள். எதற்கு இந்த அலங்காரம்? காரில் ஏறியதும், "லெட்டர்ல வேற என்ன எழுதியிருந்தா?" என்று கேட்டார். ரோட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

சிக்னலில் வண்டியைத் திருப்பிவிட்டேன். நேராக வேறு ஆஸ்பத்திரி. அங்கே இருந்த சர்ஜன் வயதானவர், நிறைய பார்த்தவர் மாதிரி இருந்தார். உங்கள் கடிதத்தை நான் காட்டவில்லை. ஸ்கேன் எடுத்த இடத்தில் கொடுத்த ரிப்போர்ட்டை மட்டும் காட்டினேன். அவர் இடது பாதத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். "நாடி நல்லா அடிக்குது. இதுக்கு எதுக்கும்மா இவ்வளவு படம்?" என்றார். ஜூலை ஒன்றாம் தேதி ஆபரேஷன், இடது காலிலிருந்து. தேதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். என் கணவர் என் முகத்தைப் பார்த்தார், தலையாட்டினார்.

முதலில் காலைப் பார்த்தீர்கள். பிறகு தோள் கேட்டீர்கள், கழுத்து கேட்டீர்கள். தாடைப் படம் ஏற்கெனவே சர்ஜனிடமிருந்து உங்களுக்கு வந்திருக்கும். அவரிடம் நீங்கள் பார்க்க வேண்டியது இன்னும் என்ன பாக்கி இருக்கிறது? ஒவ்வொரு துண்டாகக் கேட்டு வாங்கி முழு ஆளையும் அங்கே சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறீர்களா?

இனி படம் வராது. செய்த உதவிக்கு நன்றி.

அவர் மனைவி

ஜூன் 23

இந்தக் கடிதத்தைக் கோபமாக இருந்தாலும் கடைசி வரை படியுங்கள்.

நாடி அடிக்கத்தான் செய்யும். அந்த ஒரே குழாய் பாதத்தின் மேற்பக்கத்துக்கும் போகிறது. அதைத்தான் அந்த சர்ஜனின் விரல் தொட்டது. விரலுக்குத் துடிப்பு மட்டும்தான் தெரியும். அது எந்த வழியாக வருகிறது என்று தெரியாது. அந்த மருத்துவர்மேல் தப்பு சொல்லவில்லை. அவர் கையில் கொடுத்த ரிப்போர்ட் நார்மல் என்றது, நீங்களும் வேறு எதையும் காட்டவில்லை.

நீங்கள் என்னை நம்ப வேண்டாம். நம்பக் காரணமும் இல்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். ஒன்று மட்டும் செய்யுங்கள். டிஸ்க்கின் பிரதி உங்களிடம் இருக்கும். என் கடிதத்தையும் பெயரையும் விட்டுவிட்டு, உங்களுக்கும் எனக்கும் அறிமுகமில்லாத யாராவது ஒரு ஸ்கேன் மருத்துவரிடம் அதைக் கொண்டு போங்கள். எங்கிருந்து வந்தது, எதற்காக என்று எதுவும் சொல்ல வேண்டாம். ஒரே கேள்வி கேளுங்கள்: இடது பாதம் வரை எத்தனை குழாய் போகிறது? அவர் இரண்டு என்றோ மூன்று என்றோ சொன்னால் என் கடிதங்களைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். நானும் இந்த வேலையை விட்டுவிடுகிறேன்.

அவரிடம் பார்க்க என்ன பாக்கி என்று கேட்டிருந்தீர்கள். எனக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. அவர் இரண்டு காலோடு மைதானத்தில் ஓட வேண்டும். நான் அதைப் பார்க்கப் போவதில்லை, நீங்கள்தான் பார்க்கப் போகிறீர்கள். அந்தக் காலைக் காப்பாற்றி உங்களிடம் கொடுக்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். எனக்கும் இது சுலபமாக இல்லை.

நீலச் சட்டையைப் பற்றி நீங்கள் எழுதியிருக்க வேண்டாம். வேலைக்கு நடுவே அந்த வரிக்கே திரும்பத் திரும்பப் போய்விட்டேன்.

ஜூன் 28

டாக்டர் அவர்களுக்கு,

போனேன்.

ஊரின் மறுகோடியில், பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் ஒரு ஸ்கேன் சென்டர். டிஸ்க்கில் பெயர் இருந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த டாக்டர் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு, மேஜை முழுக்கக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். நான்தான் நெற்றியைக் காட்டினேன். இவர் எதைப் பார்த்துச் சொல்லப்போகிறார் என்று மனதுக்குள் ஒரு நிம்மதி. நீங்கள் தப்பு என்று ஆகிவிட வேண்டும் என்று அவ்வளவு ஆசை எனக்கு. பாதம் யாருடையது என்றே அந்த நேரத்தில் மறந்துபோயிருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் படத்தைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார். பென்சில் முனையால் மேலேயிருந்து ஒவ்வொன்றாகத் தொடர்ந்து கீழே வந்தார். ஒன்று நின்றது. இன்னொன்றும் நின்றது. "இடது பாதத்துக்கு ஒண்ணுதான் போகுது" என்றார். எலும்பு எடுக்கப் போகிறார்கள் என்று சொன்னேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எடுத்தா பாதம் கறுத்துடும்மா. யாரு எடுக்கச் சொன்னது?"

யார் சொன்னது என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? நான்தான் சொன்னேன். சிக்னலில் வண்டியைத் திருப்பியது நான்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன். எத்தனையோ பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள், சாவியை வைத்துக்கொண்டு அதை என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்த பிறகுதான் கிளம்பினேன்.

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். உங்கள் முந்தின கடிதம் உட்பட. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். பிறகு, "எனக்கு அன்னிக்கே தெரியும், வேண்டாம்னு சொல்லணும்னு தோணிச்சு. நீ அழுதுட்டு வண்டி ஓட்டினே, அதான் சொல்லலை" என்றார். நான் அழுதது எனக்கே தெரியாது.

ஒன்றாம் தேதியை ரத்து செய்துவிட்டேன். முதலில் பார்த்த சர்ஜனிடமே திரும்பிப் போனோம். தோள், கழுத்துப் படங்கள் இதோடு இருக்கின்றன. படம் எடுக்கப் போன அன்றைக்கும் தலையை வாரிக்கொண்டுதான் போனார். சட்டையை நான் எடுத்துக் கொடுத்தேன். பழைய சட்டை.

நன்றி என்று எழுதப் பேனா வரமாட்டேன் என்கிறது. நீங்கள் சொன்னது சரியாகப் போனதில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. கோபத்தோடே இதை அனுப்புகிறேன்.

அவர் மனைவி

ஜூலை 9

வணக்கம்.

தனிப் பார்சலில் சர்ஜனுக்கு ஒரு பெட்டி போயிருக்கிறது. அதில் இருப்பது தாடையின் மாதிரி. வலது பக்கத்து எலும்பைப் படத்திலிருந்து எடுத்து, கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி, இடது பக்கத்துக்கு வைத்து அச்செடுத்தது. தோள் எலும்பில் எந்த இடத்தில், எந்தச் சாய்வில் வெட்ட வேண்டும் என்று குறித்த அச்சும் இருக்கிறது. குழாய் எங்கே எலும்புக்குள் நுழைகிறது, தோலுக்கு வரும் கிளை எங்கே கிளம்புகிறது என்று வரைபடமும் வைத்திருக்கிறேன். கழுத்தில் இணைப்பதற்கு நல்ல குழாய்கள் இருக்கின்றன. இதுவரை எல்லாம் நலம்.

தாடையை நீங்கள் பார்க்க விரும்பினால் சர்ஜனிடம் கேளுங்கள். காட்டுவார்.

வேறொன்று. எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஃப்ளாப் திட்டமிடும்போது தோலுக்குக் கீழே எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று அளக்க வேண்டும். வாய்க்குள் வைக்கும் தோல் தடிமனாக இருந்தால் நாக்குக்கு இடம் இருக்காது. அளந்தேன். என்னோடு இருந்த காலத்தில் அவர் எலும்பும் தோலுமாக இருப்பார். சாப்பாடு ஆறிப்போய், மூடி வைத்தபடியே இருக்கும். நான் வேலையிலிருந்து வர நேரமாகும், எனக்காகக் காத்திருந்து, பிறகு பசியில்லை என்று படுத்துவிடுவார். இப்போது தோளிலும் முதுகிலும் சீராக, நன்றாகச் சதை போட்டிருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் என்று வற்புறுத்திய உடம்பு அது. நான் தினமும் எத்தனையோ உடம்புகளுக்குள் பார்க்கிறேன். பொறாமைப்பட்டது இந்த ஒன்றைப் பார்த்துத்தான்.

அவர்மேல் இல்லை. உங்கள்மேல்.

தோல் கொஞ்சம் தடிமன்தான். சமாளிக்கலாம் என்று சர்ஜனுக்கு எழுதியிருக்கிறேன்.

ஜூலை 24

டாக்டர் அவர்களுக்கு,

ஆபரேஷன் முடிந்துவிட்டது. பிழைத்துக்கொண்டார். ஆனால் நடுவில் ஒரு கண்டத்தைத் தாண்டினார். அதைத்தான் எழுத வேண்டும்.

காலையில் உள்ளே போனவர் இருட்டிய பிறகுதான் வெளியே வந்தார். நடுவில் ஒரு நர்ஸ் வெளியே வந்து, எல்லாம் நன்றாகப் போகிறது, டாக்டர் போட்ட வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவைத்து அதைப் பார்த்தே செய்கிறார்கள் என்று என்னைத் தேற்றப் பார்த்தாள். எனக்குத் தேறவில்லை. அவர் மேஜைமேல், நீங்கள் சுவரில், நான் நடைபாதையில். என்னைத் தவிர எல்லோருக்கும் உள்ளே இடம் இருந்தது.

மறுநாள் மத்தியானம். தொண்டையில் குழாய், பேச முடியாது. வாயைத் திறந்தால் உள்ளே முதுகிலிருந்து வந்த தோல் ஒரு சின்னத் தீவு மாதிரி தெரியும். அதன் நிறத்தை அடிக்கடி பார்க்கச் சொல்லியிருந்தார்கள். காலையில் பார்த்தபோது அவர் முதுகு நிறத்திலேயே இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன், கொஞ்சம் நீலம் கலந்தாற்போல இருந்தது. நர்ஸைக் கூப்பிட்டேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அப்படித்தான் இருக்கும் என்றாள். அந்த முதுகுக்குத் தினமும் துண்டு போட்டுத் துடைத்துவிடுகிறவள் நான். அது அவர் நிறம் இல்லை. கத்தினேன். லாரி வந்தால் கத்துவேனே, அதைவிடப் பெரிதாக. வார்டே திரும்பிப் பார்த்தது. சர்ஜன் கையில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு ஓடி வந்தார். பார்த்தார். பொட்டலத்தை அவர் கட்டில்மேலேயே வைத்துவிட்டு, திரும்ப உள்ளே கொண்டு போகச் சொல்லிவிட்டார்.

ரத்தம் உள்ளே வருகிறது, வெளியே போகும் குழாய் மடங்கி அடைத்துவிட்டது என்றார். திரும்பத் திறந்து, அடைப்பை எடுத்து, புதிதாகத் தைத்தார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் முழுத் துண்டும் போயிருக்குமாம்.

இப்போது நன்றாக இருக்கிறது. நிறம் சரியாக இருக்கிறது. தாடை இருக்கிறது. இரண்டு கால்களும் இருக்கின்றன. இடது பாதத்தைப் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டுதான் படுத்திருக்கிறார். நான் போர்வையை இழுத்து மூட, அவர் வெளியே நீட்ட, அதுவே எங்களுக்குப் பேச்சாகிவிட்டது.

உங்கள் போன கடிதத்தை அவருக்குக் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். அது எனக்கு எழுதியது.

டிரைவிங் ஸ்கூல்காரி

ஜூலை 28

சுவரில் இருந்தது ஒரு காகிதம். அது நான் இல்லை.

நான் அனுப்பிய படத்தில் குழாய் மடங்காது. அது அவருக்குள் நடந்தபோது பார்த்தது உங்கள் கண்தான். அந்த நிறம் தப்பு என்று எனக்குத் தெரிந்திருக்காது. அந்த முதுகின் நிறம் எனக்கு மறந்துவிட்டது. என் படங்கள் கறுப்பு வெள்ளை.

ஆபரேஷன் அன்று முழுக்க இங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது பேருடைய படங்களைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். சர்ஜனுக்குப் போன் செய்யலாம்தான். எந்த உறவு சொல்லி விசாரிப்பது? நீங்கள் நடைபாதை என்று அலுத்துக்கொள்கிறீர்கள். எனக்கு அந்த நடைபாதை கிடைத்திருந்தால் போதும் என்றிருந்தது.

திறந்த வாயை டார்ச் அடித்துப் பார்க்கும்போது, அவர் முகம் சுளித்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊசி போடும்போதும் அப்படித்தான், பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 4

டாக்டர்,

மேலே இருக்கும் தேதியை நம்பாதீர்கள். இன்று பதினொன்று.

தொண்டைக் குழாயை எடுத்துவிட்டார்கள். ஓட்டையை மூடித் தையல் போட்டார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல வைக்கிறாள். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கிற மாதிரி பேசிய மனுஷன், வாயைக் கோணி 'பா' சொல்வதற்குள் வியர்த்துப்போகிறார். முகம் கொஞ்சம் வீங்கித்தான் இருக்கிறது. ஆனால் அவர் முகம்தான். தாடை அச்சு அசல் பழைய தாடை. நீங்கள் வைத்த வளைவு. அதைத் தடவிப் பார்க்கும்போதெல்லாம் அந்த எண்ணம் வருகிறது. வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் எழுத வந்தது வேறு. இன்று காலை ஜன்னலோரம் உட்கார வைத்து, தலையணையை முதுகுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தார். இத்தனை நாளும் சிலேட்டில் எழுதித்தான் பேச்சு. முழு வாக்கியமாக முதல் முதலில் பேசப்போகிறார் என்று தெரிந்துவிட்டது. அப்படியே நின்றுவிட்டேன். என்னை அவர் கூப்பிடும் ஒரு செல்லப் பேர் இருக்கிறது. அது என்ன என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அதைத்தான் சொல்வார் என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர்கூடத் தயாராக இருந்தது.

"அவளுக்குச் சொல்லிட்டியா?" என்றார்.

வார்த்தை குழறித்தான் வந்தது. ஆனால் சந்தேகமே இல்லை. பேச ஆரம்பித்துவிட்டேன் என்று அவளுக்குச் சொல்லிவிட்டாயா என்கிறார்.

கையில் இருந்த தலையணையால் ஒன்று போடலாமா என்று இருந்தது. புதுத் தாடை, அடிக்கக்கூடாது. "எல்லாம் சொல்லியாச்சு. குழாய் எடுத்த அன்னிக்கே எழுதிட்டேன்" என்றேன். அவர் தலையாட்டினார், கண்ணை மூடிக்கொண்டார், நிம்மதியாகத் தூங்கிப்போனார்.

நான் எழுதவில்லை. குழாய் எடுத்தது நாலாம் தேதி. அன்றைக்கு எழுதலாம் என்று காகிதம் எடுத்தேன், இந்த ஒரு வாரமாவது நீங்கள் இல்லாமல் இருக்கட்டும் என்று உள்ளே வைத்துவிட்டேன். அவர் குரல் திரும்பி வருவதை நான் மட்டும் கேட்க வேண்டும் என்று இருந்தது. அது தப்பா, சரியா, தெரியவில்லை.

அதனால் இந்தக் கடிதத்துக்கு நாலாம் தேதி போட்டிருக்கிறேன். என்றாவது அவர் உங்களிடம் போனில் கேட்டாலும் கேட்பார். பொய் சொல்லத் தெரியாத ஆள் என்று உங்களைப் பற்றி அவர் ஒருமுறை சொல்லியிருக்கிறார். இந்த ஒரு தடவை எனக்காகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தோழி என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். தெரியும்படிதான் அடித்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 16

அன்புள்ள உங்களுக்கு,

அவர் பேசிய முதல் வாக்கியத்தை நீங்கள் எனக்கு எழுதாமலே விட்டிருக்கலாம். நானாக இருந்தால் விட்டிருப்பேன். படித்தேன். ஒருமுறை உட்கார்ந்து, ஒருமுறை நின்றுகொண்டு. அந்த வாக்கியம் உங்கள் வீட்டில், உங்கள் தலையணையில் சாய்ந்து சொன்னது. அது அங்கேயே இருக்கட்டும். எனக்குக் கேட்டுவிட்டது, போதும்.

ஆறு மாதம் கழித்து எலும்பு சேர்ந்திருக்கிறதா என்று ஒரு படம் எடுக்க வேண்டியிருக்கும். உங்கள் ஊரிலேயே யாரிடமாவது காட்டுங்கள். கண்ணாடியை நெற்றியில் வைத்துத் தேடுகிறவர் நன்றாகவே பார்க்கிறார்.

நேற்று மாலை அவர் போன் செய்தார். குரல் குழறலாக இருந்தது, பாதி புரியவில்லை. நலமா என்று கேட்டார். நலம் என்றேன். உங்கள் கடிதம் வந்ததா என்று கேட்டார்.

உங்கள் நாலாம் தேதிக் கடிதம் ஏழாம் தேதியே கிடைத்துவிட்டது என்று சொன்னேன்.